முதலில் கால் ஏக்கரில், பிறகு நாடு முழுவதிலும்

பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புதிய நெல்லினம் உருவாகி வெளிவர ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆகும். இரண்டு இனங்களை ஒட்டுச்சேர்ப்பது முதல் வேலை. பிறகு தலைமுறை தலைமுறையாக நல்ல பயிரைத் தெரிந்தெடுக்க வேண்டும். நிலையத்தின் சொந்த வயலில் விளைச்சல் பார்க்க வேண்டும். அதில் தேறியதை நாட்டின் வெவ்வேறு பிரதேசங்களில் ஒரே போகத்தில் விதைத்து ஒப்பிட வேண்டும். கடைசியில் கமக்காரரின் வயலிலேயே, அவருடைய தண்ணீரில், அவருடைய கைப்பக்குவத்தில் பரீட்சிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் வெளியீட்டுக் குழு அந்த இனத்துக்கு ஒரு பெயரும் எண்ணும் கொடுக்கிறது. கிளிநொச்சிக் கமக்காரர் கடையில் கேட்டு வாங்கும் பீ.ஜீ. 352 போன்ற இனங்கள் எல்லாம் இந்த வரிசையில் நின்று வந்தவைதான்.

1952 இல் தொடங்கிய அந்த நிலையம் எழுபது ஆண்டுகளாக ஒரே ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறது: சிறிய இடத்தில் பார்க்காத எதையும் பெரிய இடத்துக்குக் கொண்டுபோவதில்லை.

அதே விவசாயத் துறைக்குப் பொறுப்பான அரசாங்கம் 2021 மே 6 ஆம் திகதி ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை இறக்குமதியை நாடு முழுவதும் நிறுத்தியது. ஒரு மாவட்டத்தில் ஒரு போகம் செய்து பார்க்கவில்லை. ஒரு குளத்தின் கீழ் நூறு ஏக்கரில் கூடப் பார்க்கவில்லை. புத்தளத்து மண்ணுக்கும் பரந்தன் மண்ணுக்கும், தேயிலைக்கும் நெல்லுக்கும் ஒரே நாளில் ஒரே கட்டளை.

நோக்கம் கெட்டதல்ல. வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் சிறுநீரக நோய் குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது. குடிநீரில் என்ன கலக்கிறது என்ற பயம் நியாயமான பயம். 2019 ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்தில் கோட்டாபய ராஜபக்ஷவே சேதனப் பசளைக்கு மாறப் பத்து ஆண்டு காலம் குறித்திருந்தார். பத்து ஆண்டுத் திட்டம் ஒரே போகத்துக்குள் சுருங்கியதுதான் கேடு.

தரவு கையில் இல்லாமலும் இல்லை. 2021 ஜூலையில் வெரிட்டே ரிசேர்ச் நிறுவனம் கமக்காரரிடம் நடத்திய கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையினர் சேதனப் பசளைக்கு மாறுவதைக் கொள்கையளவில் ஆதரித்தார்கள். அதே பெரும்பான்மை, அதற்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் வேண்டும் என்றும் விளைச்சல் குறையும் என்றும் சொன்னது. வயலில் நிற்பவர்களுக்கு இது வெறும் கணக்கு. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். 50 கிலோப் பை ஒன்றில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று அல்லது இரண்டு சதவீதம். ஒரு பை யூரியா கொடுப்பதைக் கூட்டெருவில் கொடுக்க ஒன்று முதல் இரண்டு தொன்னுக்கு மேல் வேண்டும். அந்தக் கூட்டெரு எங்கே கிடக்கிறது, யார் ஏற்றி இறக்குவது, வயலுக்குள் எப்படி இழுப்பது என்ற கேள்விகளுக்குக் கொழும்பில் விடை இருக்கவில்லை.

கேள்வி கேட்டவர்களுக்கு நடந்தது இன்னும் முக்கியமானது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே இந்த அவசர மாற்றத்தை வெளிப்படையாக விமர்சித்தார். விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார். உணவுத் தட்டுப்பாடு வரக்கூடும் என்று பொதுவில் எச்சரித்த விவசாய அமைச்சின் செயலாளர் உதித் கே. ஜயசிங்க 2021 டிசம்பரில் பதவி இழந்தார். கெட்ட செய்தியைக் கொண்டுவருபவருக்கு என்ன நடக்கும் என்பதை அமைச்சின் கடைசி எழுதுவினைஞர் வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளைவு எல்லோர் வீட்டு உலையிலும் தெரிந்தது. 2021 நவம்பர் இறுதியில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு முடிந்துகொண்டிருந்தது. 2021 இல் சுமார் 51 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி 2022 இல் சுமார் 34 இலட்சம் தொன்னாக விழுந்தது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு மறுபடி கப்பலை எதிர்பார்த்து நின்றது. பயிர் இழந்த நெற்செய்கையாளருக்கு நட்டஈடாக 40 பில்லியன் ரூபாவை 2022 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. மாவட்டத்துக்கு நூறு ஏக்கர் எடுத்து, இழப்பு வந்தால் முழு நட்டஈடும் கொடுத்து, இரண்டு போகம் பரீட்சித்திருந்தால் அந்தத் தொகையின் மிகச் சிறிய துளியே செலவாகியிருக்கும். எந்த மண்ணில், எந்த அளவில், எத்தனை ஆண்டில் சேதனப் பசளை பலன் தரும் என்பதும் தெரிந்திருக்கும். இன்றைக்கு அந்தக் கேள்வி விடையில்லாமலே கிடக்கிறது. சேதனப் பசளை என்ற சொல்லையே கமக்காரர் சந்தேகத்தோடு கேட்கும் நிலையும் வந்துவிட்டது. பரீட்சிக்காமல் திணித்ததில் தோற்றுப்போனது அந்த நல்ல யோசனையுந்தான்.

இலங்கை அரச இயந்திரத்துக்கு அளந்து பார்த்து முடிவெடுக்கத் தெரியாது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சுகாதாரத் திணைக்களம் நேர் எதிரான ஒரு கதையை எழுதியிருக்கிறது. அந்தக் கதையில் வன்னிக்கும் பெரும் பங்கு உண்டு.

1934–35 இல் மலேரியா இந்தத் தீவில் சுமார் 80,000 பேரைக் கொன்றது. டி.டி.ரி. தெளித்து நோயைக் குறைத்து, 1963 இல் நாடு முழுவதிலும் வெறும் 17 நோயாளர் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நோய் போய்விட்டது என்று எண்ணித் தெளிப்பையும் இரத்தப் பரிசோதனையையும் தளர்த்தினார்கள். ஆறே ஆண்டில், 1969 இல், நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. எண்ணிக்கை குறைந்தபோது எண்ணுவதையும் குறைத்ததுதான் அன்றைய பெரும் பிழை.

மலேரியா தடை இயக்கம் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. நுளம்பு டி.டி.ரி.யைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டதென்று பரிசோதனையில் தெரிந்ததும், 1970களின் பிற்பகுதியில் மலத்தியோனுக்கு மாறினார்கள். வன்னி போன்ற போர் நடந்த பகுதிகளிலும் காய்ச்சல் கண்டவரின் விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தைத் தடவி, நுணுக்குக்காட்டியில் பார்க்கும் வேலை தொடர்ந்தது. வைத்தியசாலைக்கு வர முடியாதவர்களைத் தேடி நடமாடும் கிளினிக்குகள் காட்டோரக் கிராமங்களுக்குப் போயின. நோயாளர் தொகை குறையக் குறையத் தேடுதல் கூடியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்ரோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது.

ஒரே நாடு, ஒரே அரச சேவைப் பரீட்சையில் தேறிய உத்தியோகத்தர்கள், ஒரே சம்பளப் படிநிலை. ஒரு திணைக்களத்தில் கிளிநொச்சியில் எடுத்த ஒரு துளி இரத்தம் கொழும்பில் எடுக்கும் முடிவை மாற்றியது. இன்னோர் அமைச்சில் செயலாளரின் எச்சரிக்கை கூட முடிவை மாற்றவில்லை, செயலாளரையே மாற்றியது. அறிவிலும் ஆளணியிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கீழிருந்து வரும் எண் மேலே இருப்பவரின் விருப்பத்துக்கு மாறாக இருக்கும்போது அந்த எண்ணுக்கு இடம் கிடைக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

சோதித்து முடிவெடுக்கும் முறை கணினி நிறுவனங்களிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று இன்றைய முகாமைத்துவ வகுப்புகளில் படிப்பவர்கள் நினைக்கலாம். அது பிறந்தது வயலில். இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் ஒரே கோதுமை வயலில் வெவ்வேறு பசளை போட்டு விளைச்சலைப் பதிந்து வந்தார்கள். 1919 இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த றொனால்ட் ஃபிஷர் அந்தப் பதிவுகளைப் படித்தபோது ஒரு சிக்கல் தெளிவானது. ஒரே வயலிலும் ஒரு மூலை கொழுத்திருக்கும், ஒரு மூலை மெலிந்திருக்கும். பசளையால் விளைந்ததா, மண்ணால் விளைந்ததா என்று எப்படிப் பிரிப்பது? வயலைச் சிறு துண்டுகளாக வகுத்து, எந்தத் துண்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானி, ஒன்றையே பல துண்டுகளில் திரும்பச் செய் என்பது அவர் கண்ட வழி. 1935 இல் அவர் எழுதிய பரிசோதனை வடிவமைப்பு நூல் மருந்துப் பரிசோதனைக்கும் தொழிற்சாலைக்கும் இன்றைய இணைய நிறுவனங்களுக்கும் அடிப்படையானது.

1936 இல் லண்டனில் ஃபிஷரிடம் படித்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங். அவர் 1950 இல் யப்பானியப் பொறியியலாளருக்கும் முதலாளிமாருக்கும் தரக்கட்டுப்பாடு கற்பித்தார். மறு ஆண்டே யப்பானியர் அவர் பெயரில் ஒரு பரிசை நிறுவினார்கள். இந்தியாவில் அதை முதலில் வென்றது சென்னை பாடியில் வாகனத் தடுப்புக் கருவிகள் செய்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனம், 1998 இல். ரி.வி.எஸ். மோட்டார் 2002 இல் பெற்றது. அந்தப் பரிசுக்குப் பெரிய இயந்திரம் வாங்கிக் காட்டினால் போதாது. இயந்திரத்துக்கு முன் நிற்கும் தொழிலாளியே பழுதான பொருளை எண்ணி, வரைபடத்தில் குறித்து, காரணம் தேடி, மாற்றம் செய்து, மறுபடி எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஊறியிருக்க வேண்டும். டெமிங் நிறுவனத் தலைவர்களுக்குச் சொன்ன பதினான்கு அறிவுரைகளில் ஒன்று, வேலைத்தலத்திலிருந்து பயத்தை அகற்றுவது. பயந்த தொழிலாளி பழுதை மறைப்பான். மறைத்த பழுது கணக்கில் வராது. கணக்கில் வராததைத் திருத்தவும் முடியாது.

இந்தப் பழக்கத்தை வன்னியில் எங்கே தொடங்குவது? உருத்திரபுரம் அதற்கு ஏற்ற இடம்.

கிளிநொச்சி நகருக்கு மேற்கே, எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்கால் எண்ணையே முகவரியாகச் சொல்லும் ஊர் அது. குடியேற்றத் திட்டமாக வளர்ந்து, போரில் முற்றாக இடம்பெயர்ந்து, மீளக் குடியேறி, காடு பற்றிய வயலை மறுபடி திருத்திய ஊர். அந்தப் பக்கத்து நெல்லுக்கெல்லாம் ஆதாரம் இரணைமடுக் குளம். அணை உயர்த்தப்பட்ட பிறகு அதன் முழுக் கொள்ளளவு 36 அடி. அதன் கீழ் சுமார் 21,000 ஏக்கர் வயல். மாரி தொடங்கினால் குளம் எத்தனை அடி என்பதுதான் தேநீர்க் கடையில் முதல் பேச்சு.

தரவை வைத்து முடிவெடுக்கும் பழக்கம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. மாவட்டச் செயலாளர் தலைமையில், நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம் அதுதான். சிறுபோகத்துக்கு முன் குளத்து நீர்மட்டத்தை மேசையில் வைக்கிறார்கள். இத்தனை அடி என்றால் இத்தனை ஏக்கருக்குத்தான் தண்ணீர் என்று கணக்குப் பார்க்கிறார்கள். முழு வயலுக்கும் போதாதென்றால் ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று பிரிக்கிறார்கள். எந்தத் திகதிக்குள் விதைப்பது, எத்தனை மாத இனம் போடுவது, எப்போது தண்ணீரை நிறுத்துவது எல்லாம் அங்கே முடிவாகும். நெல்லினத்தின் எண்ணிலேயே வயது இருக்கிறது: 300 இல் தொடங்குவது மூன்று மாதம், 350களும் 360களும் மூன்றரை மாதம். தண்ணீர் குறைந்த ஆண்டில் மூன்று மாத நெல்லே போடலாம் என்று சண்டை பிடித்தாவது ஒத்துக்கொள்கிறார்கள். குளத்து அளவுகோலோடு யாரும் வாதாட முடியாது என்பதால் அந்தச் சண்டை முடிவுக்கு வருகிறது.

தண்ணீருக்கு இருக்கும் இந்த ஒழுங்கு மற்றவற்றுக்கு இல்லை. எந்த மருந்து அறக்கொட்டிக்குக் கேட்கும், பன்றி நெல்லை எப்படி ஒழிப்பது, புதிதாக வந்த திரவப் பசளைக்குக் காசு கொடுப்பது பிரயோசனமா என்ற கேள்விகளுக்குக் கடைக்காரர் சொல்வதும் பக்கத்து வயல்காரர் செய்ததும்தான் விடை. ‘போன முறை அடித்தேன், நல்லாய்த்தான் வந்தது’ என்பார்கள். அடிக்காமல் விட்டிருந்தால் எப்படி வந்திருக்கும் என்பது எவருக்கும் தெரியாது, ஏனென்றால் அடிக்காமல் விட்ட துண்டு என்று ஒன்று இல்லை. திணைக்களங்களும் நிறுவனங்களும் செய்யும் செயல்விளக்கத் துண்டங்களிலும் இதே குறை அடிக்கடி உண்டு. தெருவோரம், வாய்க்காலுக்குக் கிட்ட, நன்றாகக் கமம் செய்பவரின் வயல் தெரிவாகிறது. வயல் விழா வைத்துப் படம் எடுக்கிறார்கள். பக்கத்தில் ஒப்பிடுவதற்கு வழமையான முறையில் ஒரு துண்டு இருப்பதில்லை. சரிவராத துண்டத்துக்கு வயல் விழாவும் இல்லை. அடுத்த ஊர்க்காரர் அதே பிழையைத் தன் செலவில் மறுபடி செய்கிறார்.

விதை அளவை எடுத்துப் பார்க்கலாம். வீசி விதைப்பதற்கு ஹெக்டேயருக்கு 100 கிலோ போதும் என்பது திணைக்களத்தின் சிபாரிசு. ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு புசல். வன்னியில் அதற்கு மேல் விதைப்பவர்களே அதிகம். கமக்காரர் காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை. நெல் அடர்ந்து முளைத்தால் களை எழும்பாது, மழை பிழைத்து முளை செத்தாலும் மிச்சம் நிற்கும், கொக்கும் புறாவும் தின்றதுபோகக் கிடைக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. சிபாரிசும் நியாயம், அவர்களுடைய பயமும் நியாயம். எது சரி என்பதை அந்த வயலில்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் முறை கடினமானதல்ல. ஒரே கமக்காரரின் ஒரே வயலில், வரம்பு கட்டி ஆறு துண்டுகள், எல்லாம் சேர்ந்து கால் ஏக்கருக்கு அடங்கும். மூன்றில் ஏக்கருக்கு இரண்டு புசல் கணக்கில் விதை, மூன்றில் வழமையான அளவு. எந்தத் துண்டுக்கு எது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் கை தன்னையறியாமல் வாய்க்காலுக்குக் கிட்டிய துண்டைத் தனக்குப் பிடித்த முறைக்குக் கொடுத்துவிடும். அதே விதை, அதே நாள், அதே பசளை, அதே தண்ணீர். முளைத்து மூன்றாம் கிழமை ஒரு சதுர மீற்றர்ச் சட்டத்தை வைத்துப் பயிரையும் களையையும் எண்ணிக் கொப்பியில் எழுத வேண்டும். அறுவடைக்கு இயந்திரம் இறங்குமுன் ஒவ்வொரு துண்டிலும் சில சதுர மீற்றரைக் கையால் அறுத்து, அடித்து, தனித்தனிப் பையில் போட்டு நிறுக்க வேண்டும். ஈரநெல் நிறை கூடக் காட்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காய்ந்த பிறகு நிறுப்பதே கணக்கு.

ஏக்கருக்கு ஒரு புசல் விதை மிச்சம் பிடிக்கலாம் என்று தெரிந்தால், ஒரு புசல் 20.86 கிலோ என்ற கணக்கில், இரணைமடுவின் கீழ் உள்ள 21,000 ஏக்கருக்கும் சேர்த்து 438 தொன் நெல் ஒரே போகத்தில் மிஞ்சும். மிச்சம் பிடிக்க முடியாது, களை ஏறிவிடுகிறது என்று தெரிந்தால் அதுவும் பெரிய இலாபம். விவசாயப் போதனாசிரியர் அடுத்த கூட்டத்தில் அந்தக் கொப்பியைக் காட்டி, இந்த மண்ணுக்கு இந்தச் சிபாரிசைத் திருத்த வேண்டும் என்று மேலே எழுதலாம். அப்படி எழுதியவருக்குப் பாராட்டு வருமா, விளக்கம் கோரிக் கடிதம் வருமா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த போதனாசிரியர் எழுதுவதும் எழுதாமல் விடுவதும்.

வயலுக்குச் சொன்னது அலுவலகத்துக்கும் பொருந்தும். 2009க்குப் பிறகு வன்னிக்கு வந்த வாழ்வாதார உதவிகளை நினைத்துப் பார்க்கலாம். கோழிக்குஞ்சு, ஆடு, மாடு, தையல் இயந்திரம் என்று பல நிறுவனங்கள் கொடுத்தன. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். அறிக்கைகளில் முதலில் நிற்பது எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கோழி என்ற எண். ஈராண்டு கழித்து எத்தனை கோழி உயிரோடு இருந்தது, அந்த வீட்டு வருமானம் உதவி கிடைக்காத பக்கத்து வீட்டை விடக் கூடியதா என்ற எண்கள் அரிது. கொடுத்ததை எண்ணினார்கள், நடந்ததை எண்ணவில்லை.

நடந்ததை எண்ணினால் என்ன தெரியவரும் என்பதற்கு உலகில் ஒரு பெரிய பரிசோதனை உண்டு. மிக வறிய குடும்பங்களுக்குக் கால்நடை போன்ற ஒரு சொத்து, சில மாதச் செலவுக்குப் பணம், பயிற்சி, வீட்டுக்கு வந்து வழிகாட்டல் எல்லாம் சேர்த்துக் கொடுக்கும் திட்டத்தை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹொண்டூராஸ், பெரு ஆகிய ஆறு நாடுகளில் குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2015 இல் முடிவு வெளிவந்தது. மொத்தத்தில் திட்டம் பலித்திருந்தது, உதவி முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் குடும்பங்கள் முன்னேறியே இருந்தன. ஹொண்டூராஸில் மட்டும் நிலைமை வேறு. அங்கே பலர் கோழியைத் தெரிவு செய்திருந்தார்கள், நோய் வந்து கோழிகள் செத்துவிட்டன. மேற்கு வங்கத்தில் பலித்த இதே மாதிரித் திட்டம் ஆந்திராவில் நடந்த வேறோர் ஆய்வில் பலன் காட்டவில்லை, ஏனென்றால் அங்கே கூலி வேலையே நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தது. வன்னியில் கோழி கொடுக்க நினைக்கும் எந்த அலுவலகத்துக்கும் இந்த இரண்டு செய்திகளும் பெறுமதியானவை. ஒப்பிட்டுப் பார்த்து, சரிவராததையும் மறைக்காமல் வெளியிட்டதால்தான் அவை உலகத்துக்குத் தெரிந்தன.

தமிழ்நாட்டு அரசு இதன் பெறுமதியை உணர்ந்து 2014 இல் ஜே-பால் ஆய்வு நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தது. அரசுத் திட்டங்களை விரிவாக்குமுன் முறையாகப் பரீட்சிப்பதே அதன் நோக்கம். வட மாகாணத்திலும் இப்படி ஓர் ஒழுங்கைச் செய்யப் பெரிய நிதி தேவையில்லை. அறிவு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகிறது. பரந்தனில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் நியாயம் உண்டு. கமக்காரருக்குக் காத்திருக்க வசதியில்லை, வங்கியிலும் நகை அடகிலும் எடுத்த காசு வட்டியோடு நிற்கிறது, அவர் வயலை ஆய்வுகூடம் ஆக்கலாமா என்று கேட்பார்கள். ஆக்கக்கூடாது. அதனால்தான் கால் ஏக்கர். அந்தக் கால் ஏக்கரில் வரும் இழப்பையும் பரீட்சிக்கச் சொன்னவரே ஏற்க வேண்டும், கமக்காரர் தலையில் போடக் கூடாது. 2021 இல் நாடு முழுவதும் செய்ததும் ஒரு பரிசோதனைதான். ஒப்பிடத் துண்டு இல்லாத, இழப்பை ஏழையே சுமந்த பரிசோதனை.

எண்கள் பொய் சொல்லும் என்பது இன்னொரு வாதம். இலக்கை எட்டாவிட்டால் இடமாற்றம் என்ற நிலையில் எழுதப்படும் எண்கள் சொல்லும்தான். மாதக் கடைசியில் படிவத்தை நிரப்பி மேலே அனுப்பும் உத்தியோகத்தருக்கு அந்த எண்ணால் என்ன முடிவு எடுத்தார்கள் என்று ஒருநாளும் திரும்பி வருவதில்லை. திரும்பி வராத எண்ணைக் கவனமாக எழுத யாருக்கும் மனம் வராது. மலேரியா தடை இயக்கத்தின் இரத்தத் துளிக்கு மரியாதை வந்தது, அதன் முடிவு அதே கிராமத்துக்கு மருந்தாகவும் தெளிப்பாகவும் திரும்பி வந்ததால்.

தரவு தீர்க்க முடியாத கேள்விகளும் உண்டு. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தபோது, குளத்தில் எவ்வளவு நீர் மிஞ்சும் என்பதை எண்கள் சொல்லலாம். குடிக்கும் வாய்க்கு முதலிடமா, விளையும் வயலுக்கு முதலிடமா என்பதை மனிதர்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் தாளையடி நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது அந்தப் பேச்சின் தொடர்ச்சியே. எண்கள் அந்தப் பேச்சை நேர்மையாக்க உதவும், பேச்சின் இடத்தை எடுக்காது.

எனவே கேட்பது சிறிய மாற்றங்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், குளத்து நீர்மட்டத்துக்கு அடுத்ததாக, சென்ற போகத்துப் பரீட்சை முடிவுகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் போகத்துக்கு ஒரு கேள்வியை மட்டும் எடுக்கட்டும்: விதை அளவு, ஒரு பூச்சி மருந்து, கூட்டெருவும் யூரியாவும் பாதிக்குப் பாதி. பரந்தன் நிலையம் துண்டு பிரிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கட்டும். விவசாய பீட மாணவர்கள் எண்ணவும் நிறுக்கவும் வரட்டும். பரீட்சைத் துண்டில் இழப்பு வந்தால் கொடுக்க மாகாண விவசாய அமைச்சு ஒரு சிறு நிதியை ஒதுக்கட்டும். சரிவந்ததும் சரிவராததும் ஒரே தாளில், கமநல சேவை நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ‘இது இங்கே சரிவரவில்லை’ என்று எழுதும் இளநிலை உத்தியோகத்தருக்கு எழுத்தில் ஒரு பாதுகாப்பு வேண்டும். அவருடைய அறிக்கையைப் பெறும் அதிகாரி முப்பது நாளுக்குள் பதில் எழுத வேண்டும், பதிலின் பிரதி கமக்காரர் அமைப்புக்கும் போக வேண்டும் என்று மாகாண சபையின் ஒரு சுற்றறிக்கையால் இதைச் செய்துவிடலாம். பெரும்போகக் கூட்டம் கூடுமுன் வரும் சிறுபோகத்திலேயே, தண்ணீர்ப் பங்கு கிடைத்த வயல்களில் உருத்திரபுரத்தின் முதல் ஆறு துண்டுகளை விதைக்கலாம். அந்தக் கொப்பி பெரும்போகக் கூட்டத்தின் மேசைக்கு வந்துசேரும்.